விளம்பரப் படத்தின்மேல் ஊசி: தையலிட்ட பழம்படங்களைச் சேகரிப்பதும் வாசிப்பதும்

ஆய்வுச் சுருக்கம்

பழைய விளம்பரப் படங்களைப் பார்த்தும் அவற்றின்மேல் நேரடியாகவும் நூல், ஜரிகை, பட்டுத்துணி, பாசிமணி ஆகியவற்றால் தைத்த படங்கள் இன்று சேகரிப்போர் தேடும் பொருள்களாகியுள்ளன. இவற்றை ஓவியர், அச்சகம், வணிக நிறுவனம் என்னும் மூன்று பெயர்களின் கீழ் வகைப்படுத்துவதே வழக்கம். தைத்தவரின் செயல் ‘அலங்காரம்’ என்ற ஒரு சொல்லுக்குள் அடங்கிவிடுகிறது. தையல் என்பது அச்சுப்படத்தை வாசித்த ஒருவர் விட்டுச்சென்ற சான்று என்றும், அச்சான்றைப் பதியாத சேகரிப்பு பொருளைக் காத்து அதன் பொருண்மையை இழக்கிறது என்றும் இக்கட்டுரை வாதிடுகிறது. பழவேற்காடு உள்ளிட்ட திருவள்ளூர்ப் பகுதியின் துணி வணிக வரலாறு இவ்வாதத்திற்குப் பின்புலமாகக் கொள்ளப்படுகிறது.

திறவுச் சொற்கள்: சித்திரத்தையல், குரூவல், விளம்பர நாட்காட்டி, ரவி வர்மா அச்சகம், பழவேற்காடு, சேகரிப்பு, அலங்காரம்

1. முன்னுரை

குரூவல் என்பது முறுக்கிய மெல்லிய கம்பளி நூலால் லினன் போன்ற உறுதியான துணியில் செய்யப்படும் சித்திரத்தையல். 17-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் கட்டில் திரைகளில் பெருமரமும் வளைகொடியும் இம்முறையில் தைக்கப்பட்டன. 1960-களிலும் 1970-களிலும் அமெரிக்காவில் இத்தையல் மீண்டும் செல்வாக்குப் பெற்றது. எரிகா வில்சன் 1962-இல் வெளியிட்ட பயிற்சி நூல் அதற்கு ஒரு தூண்டுகோலாயிற்று. வரைந்த துணி, அளந்த நூல், ஊசி ஆகியன அடங்கிய பெட்டிகள் கடைகளில் விற்கப்பட்டன. பழைய விளம்பரப் படங்களை மாதிரியாகக் கொண்டு தைத்த படங்களை இன்று தேடிச் சேர்ப்போர் மேலைநாடுகளில் உள்ளனர்.

தமிழகத்தில் இதற்கு நேர் இணையான கம்பளி நூல் மரபு பெருவழக்காக இல்லை. ஆயினும் மிக நெருங்கிய ஒரு வகை உண்டு. வண்ண அச்சுப் படங்களின்மேல், குறிப்பாக ரவி வர்மா அச்சகப் படங்களின்மேலும் அவற்றின் வழிவந்த நாட்காட்டிப் படங்களின்மேலும், பட்டுத்துணி ஒட்டியும் ஜரிகை தைத்தும் சம்கியும் மணியும் பதித்தும் கண்ணாடிச் சட்டமிட்ட படங்களே அவை. செட்டிநாட்டு வீடுகளிலிருந்து வெளியேறிய இத்தகைய படங்கள் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவின் பழம்பொருள் கடைகள் வழியாகப் பல ஊர்களுக்கும் சென்றுள்ளன. அச்சுப்படத்தை மாதிரியாக வைத்துத் தனித்துணியில் தைத்த படங்களும் தமிழக வீடுகளில் இருந்தன. முன்னதை ‘மேல்தையல் படம்’ என்றும் பின்னதை ‘பார்த்துத்தைத்த படம்’ என்றும் இக்கட்டுரை வேறுபடுத்துகிறது.

இவ்விரண்டையும் பற்றிய எழுத்து பெரும்பாலும் அச்சுப்படத்தின் வரலாறாகவே அமைந்துள்ளது. பார்த்த மித்தர், கிறிஸ்டோபர் பின்னி, கஜ்ரி ஜெயின் ஆகியோரின் ஆய்வுகள் இந்திய வெகுசனப் படங்களைக் கலைவரலாற்றின் மையத்திற்குக் கொணர்ந்தன. கணேஷ் சிவசாமியின் ரவி வர்மா பற்றிய நூல்வரிசை, அவ்வோவியரின் படங்கள் அச்சு, துணி, விளம்பரம் எனப் பரவிய தடங்களைத் தொகுத்துள்ளது. இவற்றுக்குப் பின்னும் ஒரு வினா எஞ்சுகிறது. ஒரு பொருளை விற்க அச்சிட்ட படத்தின்மேல் ஒருவர் பல நாள்கள் அமர்ந்து தைத்தார் எனில், அச்செயலை எவ்வாறு வாசிப்பது?

2. துளையிட்ட தாள்: பழவேற்காட்டுப் பின்புலம்

இன்று திருவள்ளூர் மாவட்டத்தில் அமைந்த பழவேற்காடு, வணிகத்திற்காகப் படம் துணியாக மாறிய வரலாற்றில் ஒரு முதன்மையான இடம். ஒல்லாந்தர் அங்கு 1610 அளவில் வணிகத்தளம் அமைத்து 1613-இல் கெல்டிரியாக் கோட்டையைக் கட்டினர். தென்கிழக்காசியத் தீவுகளின் நறுமணப் பொருள்களுக்கு ஈடாகக் கொடுக்கச் சோழமண்டலக் கரையின் நெய்த துணியும் எழுதிய துணியும் அவர்களுக்குத் தேவைப்பட்டன. இவ்வூரின் பெயர் வண்ணக் கைக்குட்டைத் துணி ஒன்றின் பெயராக ஆங்கில அகராதியில் இடம்பெற்றது. 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் அதே பெயரிலான துணியைக் கிளாஸ்கோ வட்டாரத் தறிகள் நெய்யத் தொடங்கின.

குரூவல் தையலுக்கும் இக்கரைக்கும் உள்ள உறவு தற்செயலானதன்று. ஆங்கிலேயக் கட்டில் திரைகளின் பெருமரமும், சோழமண்டலக் கரையில் எழுதப்பட்ட பலம்பூர் விரிப்புகளின் ‘வாழ்வுமரமும்’ ஒன்றையொன்று ஒத்திருக்கின்றன. இந்திய வடிவத்தை ஆங்கிலேயர் அப்படியே பின்பற்றினர் என்பது பழைய கருத்து. ஜான் இர்வினும் கேத்தரின் பிரெட்டும் 1970-இல் வெளியிட்ட சின்ட்ஸ் துணி பற்றிய நூல் இதனை மறுத்தது. ஐரோப்பாவிலிருந்து அனுப்பிய மாதிரிகளை இந்திய ஓவியர் தம் மரபுக்கேற்ப மாற்றினர் என்றும், அம்மாற்றமே மீண்டும் ஐரோப்பிய இரசனையை உருவாக்கியது என்றும் அந்நூல் வாதிட்டது. 1643-இல் இலண்டன் இயக்குநர்கள் சூரத்திலிருந்த தம் முகவர்களுக்கு எழுதிய கடிதம் இதற்குச் சான்றாகக் காட்டப்படுகிறது. சிவந்த தளத்தைக் குறைத்து வெண்தளத்தில் பூவும் கிளையும் வருமாறு விரிப்புகளை அனுப்ப வேண்டும் என அவர்கள் கேட்டனர். இவ்வாறு, வாங்குவோரின் விருப்பத்தைத் தாங்கிய மாதிரி ஒன்று கைவினைஞரிடம் வந்து, அவர் கையில் வேறொன்றாகி வெளியேறியது.

இம்மாற்றத்தின் தொழில்நுட்பமும் நோக்கத்தக்கது. இயேசுசபைக் குரு கேர்து 1742-இல் எழுதிய மடல், எழுதிய துணியின் செய்முறையை விவரிக்கிறது. வரைந்த தாளின் கோடுகளை ஊசியால் துளையிட்டு, அதைத் துணிமேல் விரித்து, கரித்தூளைத் தேய்த்து உருவைத் துணிக்கு மாற்றும் முறை அதில் பதிவாகியுள்ளது. தமிழகத் தையற்கூடங்களில் ஏறத்தாழ இதே முறை இன்றும் வழக்கிலுள்ளது. டிரேசிங் தாளில் ஊசியால் துளையிட்டு, மண்ணெண்ணெயில் குழைத்த நீலப்பொடியைத் துணிகொண்டு தேய்ப்பர். நாட்காட்டிப் படமோ இதழில் வந்த விளம்பரமோ இவ்வழியே துணிக்கு இறங்கும்.

துளையிட்ட தாள் கோட்டை மட்டுமே கடத்துகிறது. நிறம், நிழல், எழுத்து ஆகியவற்றை அது கடத்துவதில்லை. அவற்றைத் தைப்பவர் தாமே முடிவுசெய்ய வேண்டும். ஆகவே பார்த்துத்தைத்த படத்தை ‘நகல்’ என்று கூறி நிறுத்துவது பொருந்தாது. மூலத்திலிருந்து எது வந்தது, எது தைத்தவரிடமிருந்து வந்தது என்னும் பிரிப்பே அதன் திறனாய்வின் தொடக்கமாகும்.

3. துணிச்சீட்டிலிருந்து நாட்காட்டி வரை

பழவேற்காட்டிலிருந்து துணி வெளியேறிய காலம் மாறி, 19-ஆம் நூற்றாண்டில் மான்செஸ்டர் துணி இந்தியக் கடைகளுக்கு வந்தது. மடித்த துணிமேல் ஒட்டிவந்த வண்ணச் சீட்டுகள் அத்துடன் வந்தன. கிளாஸ்கோவுக்கு வடமேற்கே லெவன் பள்ளத்தாக்கின் சிவப்புச் சாயத் துணி ஆலைகளும் இந்தியத் தெய்வங்களையும் அரசர்களையும் விலங்குகளையும் பொறித்த சீட்டுகளை ஒட்டி அனுப்பின. எழுத்தறியாதோரும் படத்தைக் கொண்டு துணியை அடையாளம் காண்பர் என்பது இதன் வணிகக் கணக்கு. 1889-ஆம் ஆண்டின் இந்திய வணிகக்குறிகள் சட்டம் போலிக்குறியிடுதலைத் தண்டனைக்குரியதாக்கியது. இதிலிருந்து ஒரு குறிக்கு எவ்வளவு மதிப்பு இருந்தது என்பது விளங்கும். துணி கிழிந்த பின்னரும் சீட்டைச் சேமித்து வைத்தனர். வாங்கியோரின் இச்சேமிப்பே விளம்பரப் படச் சேகரிப்பின் முதற்கட்டம் எனலாம்.

ரவி வர்மா (1848–1906) 1894-இல் பம்பாயில் கல்லச்சு வண்ண அச்சகத்தைத் தொடங்கினார். அது பின்னர் லோனாவ்லா அருகிலுள்ள மலவ்லிக்கு இடம்பெயர்ந்தது. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மானியத் தொழில்நுட்பர் ஃபிரிட்ஸ் ஷ்லைஷரின் உடைமையாயிற்று. தனிப்படமாக விற்ற உருவங்கள் நிறுவனப் பெயர் பொறித்த நாட்காட்டிகளாகவும் வெளிவந்தன. குழந்தைகளின் வயிற்றுக் கோளாறுக்கான உட்வர்ட்ஸ் கிரைப் வாட்டர், கண்ணனின் குழந்தை உருவை நாட்காட்டியில் பயன்படுத்தியது இதற்கு நன்கறிந்த எடுத்துக்காட்டு. தமிழகத்தில் கோவில்பட்டியை மையமாகக் கொண்டு இயங்கிய கொண்டையராஜுவும் (1898–1976) அவர்தம் மாணவர்களும் வரைந்த தெய்வப்படங்கள் சிவகாசி அச்சின் வழியே நாட்காட்டிகளாகி வீடுதோறும் சென்றன.

இங்கிலாந்தில் நிகழ்ந்ததை இதனுடன் ஒப்பிடலாம். ஜான் எவரெட் மில்லே 1886-இல் வரைந்த, சோப்புக் குமிழியைப் பார்க்கும் சிறுவனின் ஓவியத்தைப் பியர்ஸ் சோப்பு நிறுவனம் விளம்பரமாக்கியது. கலை வணிகத்திற்கு இறங்கிவிட்டது என்ற கண்டனம் அங்கு எழுந்தது. தமிழகத்தில் தெய்வப்படத்தின்கீழ் மருந்தின் பெயரோ துணிக்கடையின் பெயரோ இருப்பது பெரிய முரணாகக் கருதப்படவில்லை. ஆண்டு முடிந்ததும் தேதித்தாளைக் கிழித்துவிட்டுப் படத்தை வெட்டிச் சட்டமிட்டுப் பூசைமாடத்தில் வைப்பது இயல்பாக இருந்தது. விளம்பரத்திலிருந்து படத்தைப் பிரித்தெடுக்கும் கத்தரிக்கோலே இப்படங்களின்மேல் விழுந்த முதல் கருவி. ஊசி அதற்கு அடுத்து வந்தது.

4. ஊசி தொடுவதும் விடுவதும்

மேல்தையல் படங்களில் ஓர் ஒழுங்கு திரும்பத் திரும்பக் காணப்படுகிறது. முகம், கை, பாதம் ஆகியவை அச்சில் உள்ளவாறே விடப்படுகின்றன. சேலை, மேலாடை, அணிகலன், மாலை, முடி ஆகியவையே துணியாலும் ஜரிகையாலும் மணியாலும் நிரப்பப்படுகின்றன. இதனை வெற்று அழகூட்டலாகக் கொள்வோர் முகம் ஏன் விடப்பட்டது என்று கேட்பதில்லை. முகத்தைத் தைப்பது கடினம் என்னும் தொழில்நுட்ப விடை ஒரு பகுதி மட்டுமே. பார்த்துத்தைத்த படங்களில் முகத்தையும் நூலால் தைத்தனர் என்பதால், கடினம் என்பதே முழுக் காரணமாக இருக்க முடியாது.

விடை கோயிலில் உள்ளது. உற்சவத் திருமேனிக்கு ஆடையும் அணியும் சாத்தும்போது முகமும் கையும் பாதமும் காட்சிக்கு விடப்படும். திருவள்ளூர் வீரராகவர் கோயிலிலும் திருத்தணி முருகன் கோயிலிலும் அலங்காரம் கண்டு வணங்கியோருக்கு இவ்வொழுங்கை எவரும் தனியே கற்பிக்க வேண்டியதில்லை. தைத்தவர் அச்சுப்படத்தைத் திருமேனியாகக் கொண்டு அதற்கு ஆடை சாத்தினார். இவ்விடத்தில் ‘அலங்காரம்’ என்னும் சொல் ஒரு செயலைக் குறிக்கிறது. சேகரிப்போர் பட்டியலில் அதே சொல் ஒரு மிகையைக் குறிக்கிறது. ஒரே சொல்லின் இவ்விரு பொருள்களுக்கும் இடையில்தான் தைத்தவர் காணாமற்போகிறார்.

படங்களின் ஆற்றல் தொலைவில் நின்று காண்பதால் பிறப்பதன்று, உடல்சார்ந்த நெருக்கத்தால் பிறக்கிறது என்பது பின்னியின் முதன்மையான கருத்து. மாலை சாத்துதல், பொட்டிடுதல் ஆகியவற்றை விளக்க இது பெரிதும் உதவுகிறது. மேல்தையலுக்கு இதனை நீட்டும்போது ஒரு வேறுபாட்டைச் சேர்க்க வேண்டியுள்ளது. பொட்டு நாள்தோறும் இடப்பட்டு அழியும். தையல் ஒருமுறை நிகழ்ந்து நிலைக்கும். மேலும் ஊசி தாளைத் துளைக்கிறது. ஒரு துளை தவறினால் படம் கிழியும், சரிசெய்ய இயலாது. ஆகவே தைப்பவர் முன்கூட்டியே முழுப்படத்தையும் பகுத்து நோக்கியிருக்க வேண்டும். இப்பகுப்பைத்தான் இக்கட்டுரை வாசிப்பு என்கிறது.

இவ்வாசிப்பு மூன்று இடங்களில் வெளிப்படும். முதலாவது, ஆடை. ரவி வர்மா தம் பெண்தெய்வங்கள் பலருக்கும் மராத்தியப் பாணிச் சேலைக்கட்டை அளித்தார். அதன்மேல் உண்மையான பட்டுத்துண்டு படியும்போது வரைந்த சேலை மறைந்து வீட்டுப் பெட்டியின் சேலை மேலெழுகிறது. அச்சகம் நாடு முழுதுக்குமாக உருவாக்கிய உடலுக்குத் தைத்தவர் தம் ஊரின் உடையை உடுத்துகிறார். இரண்டாவது, பின்னணி. மலையும் ஏரியும் மாளிகைத் தூணும் கொண்ட ஐரோப்பியப் பாணிக் காட்சியாழம் சில படங்களில் துணியால் மூடப்படுகிறது. அப்போது உருவம் காட்சியிலிருந்து பிரிந்து சன்னிதியில் நிற்பதுபோல முன்வருகிறது. மூன்றாவது, எழுத்து. நிறுவனப் பெயர் வெட்டப்பட்டதா, தையலின்கீழ் மறைக்கப்பட்டதா, சட்டத்துக்குள் விடப்பட்டதா என்பது ஒவ்வொரு படத்திலும் தனித்தனியே பார்க்க வேண்டியது. பெயர் விடப்பட்டிருப்பின் அது கவனக்குறைவு என்று முடிவுகட்டுவது தவறு. தொலைவிலிருந்து வந்த பொருளின் பெயர் வீட்டுக்குப் பெருமை சேர்த்த காலமும் இருந்தது.

5. தைத்தவரைப் பற்றி மிகைக்கக் கூடாதவை

தைத்தவரை மீட்க வேண்டும் எனும்போது அவரை வணிகத்தை எதிர்த்த கலகக்காரராக உயர்த்திவிடும் இடர் உண்டு. ரோஸிகா பார்க்கர் 1984-இல் வெளியிட்ட சித்திரத்தையல் பற்றிய நூல், தையல் பெண்மைக்கான பயிற்சியாகவும் அப்பயிற்சியை மீறும் வழியாகவும் ஒருங்கே இருந்தது என நிறுவியது. இவ்விரட்டைத் தன்மை தமிழகத்திற்கும் பொருந்தும். 1820-களில் நாகர்கோவிலில் மறைப்பணியாளர் மார்த்தா மால்ட் பின்னல்வேலைப் பயிற்சியைத் தொடங்கினார். அவருடைய மகள் எலிசா கால்டுவெல் இடையன்குடியில் அதனைத் தொடர்ந்தார். அப்பயிற்சி பெண்களுக்கு வருவாயையும் ஓரளவு தன்னுரிமையையும் கொடுத்தது. குனிந்த தலையும் அடக்கமும் நல்ல பெண்ணின் அடையாளம் என்னும் கருத்தையும் சேர்த்தே கொடுத்தது. பள்ளித் தையல் வகுப்பிலும் அரசுத் தொழில்நுட்பத் தேர்விலும் சங்கிலித் தையல், காம்புத் தையல், முடிச்சுத் தையல் என்னும் வரிசை இப்பயிற்சியின் தொடர்ச்சியே.

இரண்டாவது எச்சரிக்கை பொருள் பற்றியது. விளம்பரத்தை மாற்றியமைத்த நூலும் மணியும் சம்கியும் கடையில் வாங்கியவையே. தையல் எந்திரமும் நூற்கண்டும் விளம்பரத்தின் வழியே வீட்டுக்குள் வந்தவை. ஊசி சந்தைக்கு வெளியே நின்று சந்தையை விமர்சித்தது என்று சொல்ல இயலாது. சந்தைக்குள் இருந்தவாறே அது தன் முடிவுகளை எடுத்தது என்பதே சரியான கூற்று.

மூன்றாவது, தைத்தோர் அனைவரும் இல்லத்துப் பெண்கள் என்னும் ஊகம். ஜரிகை வேலை கூலிக்குச் செய்யும் தொழிலாகவும் இந்தியாவில் நெடுங்காலம் இருந்து வருகிறது; அதில் ஆண்களின் பங்கு பெரிது. ஒரே வகை மணி, ஒரே அளவு, ஒரே பின்னணித் துணி ஆகியவற்றுடன் பல படங்கள் கிடைப்பின், விற்பனைக்காகப் பட்டறையில் செய்தவையாக இருக்கலாம் என ஐயுற வேண்டும். ஒழுங்கற்ற தையல், பழஞ்சேலைத் துண்டு, நடுவில் நூல்வகை மாறுதல் ஆகியன வீட்டுக் கையைச் சுட்டும் குறிகள். இவை குறிகள் மட்டுமே. உறுதிச் சான்று குடும்ப நினைவிலிருந்தே கிடைக்கும். சேகரிப்பில் முதலில் அறுபடுவதும் அதுவே.

6. சேகரிப்பில் நேரும் இழப்பு

பழம்பொருள் சந்தையில் ஒரு படம் கைமாறும்போது ‘ரவி வர்மா’ என்னும் பெயர் விலையை உயர்த்துகிறது. நன்கறிந்த வணிகக்குறி இருப்பின் விளம்பரப் பொருள் சேர்ப்போரும் போட்டியிடுவர். எந்த வீடு, எந்த ஊர், யார் தைத்தது என்னும் செய்தி விலையைச் சேர்ப்பதில்லை. ஆகையால் அதனை எவரும் எழுதி வைப்பதில்லை. சென்னை மூர் மார்க்கெட் 1985-இல் எரியும்வரை பழைய புத்தகமும் படமும் பொருளும் தேடியோர்க்கு அது ஒரு பெருவாயில். அவ்வழி வந்த பொருள்களில் பிறப்பிடம் தெரிந்தவை அரிது.

இவ்விழப்பு மூன்று செயல்களால் நேர்கிறது. ஒன்று, புதுச்சட்டமிடுதல். பழைய பின்பலகையும் அதனுள் வைத்த செய்தித்தாளும் சட்டக்கடையின் சீட்டும் எறியப்படுகின்றன. செய்தித்தாளின் தேதி, படம் எந்நாளுக்கு முன் சட்டமிடப்பட்டிருக்க இயலாது என்பதைக் காட்டும். படத்தின் பின்புற முடிச்சுகள் தைத்த கையின் பழக்கத்தைக் காட்டும். இரண்டு, தூய்மைப்படுத்தல். கறுத்த ஜரிகையைப் பளபளப்பாக்க முயலும்போது மேற்பூச்சு அகன்றுவிடும். ஈரம் பட்டால் பழைய சாயம் கசியும். மூன்று, தையலைப் பிற்காலக் குறையாகக் கருதி நீக்கி அச்சை ‘மீட்க’ விரும்புதல். அவ்வாறு மீட்டபின் எஞ்சுவது, ஆயிரக்கணக்கில் அச்சான தாளின் துளைபட்ட ஒரு படி.

மறுபுறம், பழைய அச்சின்மேல் அண்மையில் ஒட்டிய அலங்காரமும் பழையதாகவே விற்கப்படக்கூடும். இதனைப் பிரித்தறியப் பொருள்களே துணைசெய்யும். பழைய ஜரிகை பட்டிழைமேல் சுற்றிய வெள்ளித்தகட்டால் ஆனது, காலப்போக்கில் கறுக்கும். பிளாஸ்டிக் படலத்தாலான ஜரிகை அவ்வாறு கறுப்பதில்லை. உலோகச் சம்கி பழமையானது. இரு உலகப்போர்களுக்கு இடைப்பட்ட காலத்தில் ஜெலட்டின் சம்கி வழக்கிலிருந்தது; அது வெப்பத்திலும் நீரிலும் உருக்குலையும். பிளாஸ்டிக் சம்கி அதற்குப் பின்னரே பரவியது. ஒளியூட்டும் வேதிப்பொருள் சேர்த்த நூல் புற ஊதா விளக்கின்கீழ் நீலவெண்மையாக ஒளிரும். அத்தகைய நூல் 20-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்கு முற்பட்டதாக இருக்க இயலாது. இச்சோதனைகளும் ஒரு படத்தை ‘போலி’ என்று தள்ளுவதற்கு மட்டும் பயன்படக்கூடாது. 1930-களின் அச்சின்மேல் 1970-களின் சம்கி இருப்பின், ஒரு குடும்பம் இரு தலைமுறையாக அப்படத்தைப் புதுப்பித்திருக்கலாம். அந்நிலையில் இரண்டு காலமும் அப்பொருளின் வரலாறே.

7. திருவள்ளூர் – கும்மிடிப்பூண்டிப் பகுதிக்கான தேவை

செட்டிநாடு தன் பெருவீடுகளால் சேகரிப்போரின் கவனத்தைப் பெற்றது. திருவள்ளூர் மாவட்டத்தின் சிறுநகரங்களும் சிற்றூர்களும் அக்கவனத்தைப் பெறவில்லை. பழவேற்காடு, பொதட்டூர்பேட்டை, அம்மையார்குப்பம் எனத் துணியோடு உறவுடைய ஊர்கள் இங்குள்ளன. அதே மாவட்டத்தின் கும்மிடிப்பூண்டியில் சிப்காட் வளாகமும் அதைச் சார்ந்த ஆலைகளும் எழுந்து ஊர்களின் தோற்றம் மாறியுள்ளது. ஓட்டுவீடு மாடிவீடாகும்போது சுவரில் வரிசையாகத் தொங்கிய படங்களுக்கு இடமிருப்பதில்லை. காயலான் கடையில் கண்ணாடியும் மரச்சட்டமும் தாளும் தனித்தனி எடைக்குப் பிரியும். தைத்த படம் இம்மூன்றிலும் சேராதது.

ஆகவே இப்பகுதியில் முதற்பணி வாங்கிச் சேர்ப்பது ஆகாது. வீடுகளில் இருப்பதை இருக்குமிடத்திலேயே பதிவுசெய்வதே உடனடித் தேவை. கல்லூரி மாணவர் ஒரு கைப்பேசிப் படக்கருவியைக் கொண்டே இதனைச் செய்யலாம். ஒவ்வொரு படத்துக்கும் ஐந்து செய்திகள் போதும். முதலாவது, அடிப்படை அச்சு அல்லது மாதிரி எது என்பது. இரண்டாவது, வணிகப் பெயர் உண்டா, அது வெட்டப்பட்டதா, மூடப்பட்டதா, விடப்பட்டதா என்பது. மூன்றாவது, தைத்த பகுதிகளும் விட்ட பகுதிகளும். நான்காவது, நூல், துணி, மணி ஆகியவற்றின் வகையும் பின்புற நிலையும். ஐந்தாவது, தைத்தவர் குறித்தும் தைத்த சூழல் குறித்தும் வீட்டார் சொல்வது, அவர்தம் சொற்களிலேயே. தைத்தவரின் பெயரை வெளியிடலாமா என்பதைக் குடும்பமே முடிவுசெய்ய வேண்டும். கடற்கரையை ஒட்டிய ஊர்களில் ஈரப்பதமும் வெள்ளிமீன் பூச்சியும் தாளை விரைந்து அழிக்கும் என்பதால் இப்பணியை ஒத்திப்போட இயலாது.

8. நிறைவுரை

தமிழில் ‘நூல்’ என்பது இழையையும் ஏட்டையும் குறிக்கும். ‘பனுவல்’ என்பதும் அவ்வாறே. ‘தையல்’ என்பது ஊசிவேலையையும் பெண்ணையும் குறிக்கும். நன்னூலின் பாயிரம் சொல்லைப் பஞ்சாகவும், செய்யுளை இழையாகவும், புலவனை நூற்கும் பெண்ணாகவும், வாயைக் கையாகவும், அறிவைக் கதிராகவும் உவமித்து நூல் என்னும் பெயரை விளக்குகிறது. நூற்கும் பெண்ணின் உழைப்பிலிருந்து புலவன் பெருமை பெறும் உவமை அது. நூற்றவள் என்ன எண்ணினாள் என்று அவ்வுவமை கேட்பதில்லை. இலக்கணத்தின் நோக்கம் அதுவன்று. விளம்பரப் படத்தின்மேல் தைத்த ஒரு படத்தைக் கையிலெடுக்கும் ஆய்வாளர் அவ்வினாவைக் கேட்கக் கடமைப்பட்டவர்.

இக்கட்டுரையில் கண்டவற்றைத் தொகுத்துரைக்கலாம். மாதிரியைப் பின்பற்றியவாறே அதனை மாற்றும் கைத்திறன் இக்கரையில் 17-ஆம் நூற்றாண்டிலிருந்தே வணிகத்தோடு இணைந்து இயங்கியது. அச்சிட்ட விளம்பரம் வீட்டுக்கு வந்தபோது கத்தரிக்கோலும் ஊசியும் அதனை வீட்டின் பொருளாக மாற்றின. எதைத் தைப்பது, எதை விடுவது என்னும் தேர்வில் கோயில் அலங்காரத்தின் ஒழுங்கும் தைத்தவரின் தனிமுடிவும் கலந்துள்ளன. தைத்தவர் சந்தைக்கு வெளியே நின்றவர் அல்லர். எல்லோரும் இல்லத்துப் பெண்களும் அல்லர். இவ்வரையறைகளுடன் நோக்கும்போதும், விளம்பரத்தை முழுமையாக உற்றுநோக்கி அதற்கு விடையளித்த முதல் வாசகர் தைத்தவரே என்பது நிலைபெறுகிறது. ஓவியர், அச்சகம், நிறுவனம் என்னும் மூன்று பெயர்களுக்கு அடுத்ததாகச் சேகரிப்புப் பட்டியலில் நான்காவது இடம் ஒன்று வேண்டும். பெயர் தெரியாதவிடத்து ‘தைத்தவர்: பெயர் கிடைக்கவில்லை’ என்றாவது எழுதுதல் வேண்டும். எழுதாமல் விட்டால் அங்கே ஒருவர் இருந்தார் என்பதே மறைந்துபோகும்.